பழைய ஸ்டோரும் மாட்டுக் கொட்டிலும்: வாசகர் கேள்வி – பதில்

மலைநாட்டுக் காணிகளில் நிற்கும் பழைய கட்டடங்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ‘ஸ்டோர்’ என்பது தோட்டத்து விளைச்சலைப் பதப்படுத்திச் சேர்த்துவைத்த கட்டடம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தா வாங்கிய காணியில், பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில், கருங்கல்லால் கட்டிய இரண்டு தட்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்பு மாடு கட்டினோம். இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம். ஊரில் இதைக் ‘கோப்பிக் காலத்து ஸ்டோர்’ என்கிறார்கள். மாமாவோ, தேயிலைக்காகக் கட்டியதுதான் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, புசல்லாவை

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மலையில் கல்லையும் மரத்தையும் ஏற்றி இறக்குவது பெரும் செலவு. அதனால் நின்ற சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியவர்கள் குறைவு. கீழ்ச்சுவர் கோப்பிக் காலத்தது, மேல்தட்டு தேயிலைக் காலத்தது, தடுப்புச் சுவர் அதற்கும் பிந்தியது என்று ஒரே கட்டடத்தில் மூன்று காலம் இருப்பது சாதாரணம். ஆகவே ‘இந்தக் கட்டடத்துக்கு வயது என்ன’ என்று கேட்காமல், ‘இந்தச் சுவருக்கு, இந்தத் தளத்துக்கு, இந்தக் கூரைக்கு வயது என்ன’ என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

காலவரிசை தெரிந்தால் வேலை சுலபம். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கோப்பித் தோட்டம் போட்டார். 1840களிலிருந்து புசல்லாவை, தெல்தோட்டை, மாத்தளைப் பக்கமெல்லாம் காடு அழிந்து கோப்பி ஏறியது. 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் கண்டது. விலை நன்றாக இருந்ததால் அதற்குப் பிறகும் பத்தாண்டு வரை நட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 1880களில் கோப்பி படுத்தது. நடுவில் சில காலம், மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் சிங்கோனா மரம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தாலும், தோட்டந்தோறும் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது பெரும்பாலும் 1880களிலும் அதற்குப் பிறகும்தான்.

இனி கட்டடத்தைப் பார்ப்போம். கோப்பிக்குத் தண்ணீர் வேண்டும். பறித்த பழத்தை பல்ப்பரில் போட்டுத் தோலுரித்து, தொட்டியில் ஒன்றரை நாள் வரை புளிக்கவிட்டு, கழுவி, வெளியே களத்தில் காயவைப்பார்கள். ஓடைக்கரையில் சரிவைப் பிடித்துக் கட்டியிருக்கிறது என்பதே முதல் தடயம். கட்டடத்துக்குள்ளோ பக்கத்திலோ ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் படியிறங்கும் தொட்டிகள், அவற்றின் அடியில் துவாரம், மேலிருந்து தண்ணீர் வந்த கால்வாயின் தடம், சக்கரம் சுற்றிய ஒடுங்கிய கற்குழி ஆகியவற்றைத் தேடுங்கள். தொட்டியை மண் மூடியிருந்தால், சுவர் ஓரமாகக் கம்பியால் குத்திப் பாருங்கள். பூசிய அடித்தளம் ‘டக்’ என்று தட்டுப்படும்.

அடுத்தது களம். ஸ்டோருக்கு முன்னால் கல் பரப்பிச் சாந்து பூசிய பெரிய சமதரை இருந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது இப்போது பூந்தோட்டமாகவோ, பிள்ளைகள் பந்தடிக்கும் இடமாகவோ இருக்கலாம். மழை பெய்து விட்டதும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். களம் என்றால் ஒரு பக்கமாகச் சீரான வாட்டம் இருக்கும்.

மேல்தட்டில்தான் தகராறு தீரும். கோப்பி ஸ்டோரின் தளத்தில் பலகையை நெருக்கி அடிக்க மாட்டார்கள். சட்டங்களைச் சமமான இடைவெளிவிட்டு அடித்து, மேலே கயிற்றுப் பாய் விரித்து, கோப்பியைப் பரப்பிக் கிளறிவிடுவார்கள். கீழிருந்து காற்று ஏற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. தேயிலைக்கு வேறு ஏற்பாடு. கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாட்ட வேண்டும். அதனால் மேல்தட்டு முழுவதும் வரிசையாக சன்னல்கள், நடுவில் சணல் துணி இழுத்துக் கட்டிய தட்டுகள். துணி என்றோ போயிருக்கும். ஆனால் தூண்களில் மேலிருந்து கீழாக ஒரே அளவு இடைவெளியில் ஆணித் துளைகளோ காடிகளோ நின்றால், அங்கே தேயிலை வாடியிருக்கிறது. கீழ்த்தட்டில் தூணுக்குத் தூண் ஒரே உயரத்தில் போல்ட் துளை, சுற்றிலும் எண்ணெய்க் கறை, சுவரில் நீளவாக்கில் ஒரு துவாரம் இருந்தால், அது இயந்திரத்தைச் சுற்றவைத்த தண்டும் பெல்ட்டும் போன வழி.

சன்னல்களை ஒருமுறை வெளியிலிருந்து பாருங்கள். கல்லோடு கல்லாகக் கட்டி, மேலே வளைவுக் கல் வைத்திருந்தால் அது சுவரோடு பிறந்த சன்னல். ஓரம் முழுவதும் செங்கல்லால் ஒட்டுப்போட்டிருந்தால், கல் சுவரைப் பிறகு உடைத்துத் திறந்த சன்னல். சிறு துவாரங்கள் கொண்ட கோப்பி ஸ்டோரைத் தேயிலைக்கு மாற்றியவர்கள் செய்த வேலை பெரும்பாலும் இதுதான்.

மாடு நின்றதற்கும் அடையாளம் உண்டு. தூண்களில் இரண்டு மூன்று அடி உயரத்தில் மட்டும் மரம் மழமழவென்று தேய்ந்திருக்கும். கல் பாவிய தரை ஒரு கான் பக்கம் சரியும். கானின் முடிவில் எருக்குழி இருக்கும். கோப்பிக் காலத்திலேயே எருவுக்காகத் தோட்டங்களில் மாடு வளர்த்தார்கள். எனவே மாட்டுக் கொட்டில் என்றால் பிற்காலத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆட்கள் குடியிருந்திருந்தால் கைமரங்களில் கரி படிந்திருக்கும். தடுப்புச் சுவர்கள் வெளிச்சுவருக்குள் கல் கோக்காமல் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: எங்கள் ஸ்டோரின் வாசல் நிலைக்கு மேலே 1872 என்று செதுக்கியிருக்கிறது. இதையே கட்டிய ஆண்டாக எழுதிப் பலகை வைக்கலாமா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: அவசரப்பட வேண்டாம். நிலைமரமும் கல்லும் இடம் மாறும். இடிந்த பங்களாவின் வாசலைக் கொண்டுவந்து ஸ்டோருக்கு வைத்திருக்கலாம். தோட்டம் திறந்த ஆண்டைப் பிற்காலத்தில் செதுக்கியிருக்கலாம். எழுத்துள்ள கல், பக்கத்துக் கற்களோடு ஒரே சாந்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஆணிகளைப் பாருங்கள். கூரையில் எங்காவது கழன்ற ஆணி ஒன்றை எடுத்துத் துரு சுரண்டி, விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். நான்கு பக்கமும் கூம்பி, தலை சுத்தியல் அடிபட்டுக் கோணலாக இருந்தால் கையால் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் கூம்பி, மற்ற இரண்டும் நேராக, முனை மழுங்கியிருந்தால் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி. அது 19ஆம் நூற்றாண்டுக்காரன். உருண்டையான கம்பி ஆணி பரவியது 1890களை ஒட்டித்தான். ஒரு ஆணியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழுது பார்த்தவர்கள் புது ஆணி அடித்திருப்பார்கள். சட்டமும் கைமரமும் சேரும் உள்மூலைகளில், மறுபடி கைபடாத பத்து இடங்களில் எடுத்துப் பாருங்கள்.

இரும்பு உத்தரம் இருந்தால் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் உருட்டாலையின் பெயர் புடைத்து நிற்கும். ‘டோர்மன் லோங்’ என்ற பெயர் மலைநாட்டில் அடிக்கடி கண்ணில் படும். அந்த மிடில்ஸ்பரோ கம்பனி உருக்கு உத்தரம் உருட்டத் தொடங்கியது 1880களில். எனவே அது தாங்கும் தளம் 1872க்கு உரியதாக இருக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல். அதற்கு முன் கனத்த இரும்பெல்லாம் மாட்டு வண்டியில் கணவாய் ஏற வேண்டும். வார்ப்பிரும்புத் தூண்கள் நிறைந்த பண்டாரவளைக் கட்டடம் ரயிலுக்கு முந்தியது என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

மரம் அறுத்த தழும்பை மட்டும் நம்பாதீர்கள். குழிவெட்டிக் கைவாளால் அறுத்த நேர்க்கோட்டுத் தழும்பு பழமைக்கு அடையாளம் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். இங்கே 20ஆம் நூற்றாண்டிலும் காட்டோரத்தில் வைத்தே கைவாளால் அறுத்தார்கள்.

கேள்வி: எலி ஓட்டையை அடைக்க யாரோ ஆணி அடித்துவைத்த ஒரு செம்புத் தகடு எங்கள் ஸ்டோரில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் வரிசை வரிசையாகச் சிறு மேடுகள். மறுபக்கம் அதே இடத்தில் குழிகள். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். இது என்ன?
– ஒரு வாசகர், இறக்குவானை வீதி, பலாங்கொடை

பதில்: கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வர்ணனைப்படி அது கோப்பி பல்ப்பரின் உருளையில் சுற்றியிருந்த தகடு. மரத்தாலோ இரும்பாலோ ஆன உருளைக்கு மேல் இந்தச் செம்புத் தகட்டைச் சுற்றி அறைந்திருப்பார்கள். உருளை சுழலும்போது மேடுகள் பழத்தை இழுத்து எதிரிலுள்ள இரும்புப் பட்டையோடு தேய்க்கும். தோல் உரிந்து கொட்டை விழும். மேடு தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். கழற்றிய தகடுதான் உங்கள் எலி ஓட்டைக்குப் போயிருக்கிறது. கோப்பி அந்தக் காணியில் பதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

பச்சைக் களிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். இடத்திலிருந்து கழற்றுமுன் ஒரு அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பல்லிணைச் சக்கரம், தண்டு தாங்கி, அடுப்புக் கதவு போன்ற வார்ப்பிரும்புத் துண்டுகளையும் எடைக்குப் போடுமுன் கழுவிப் பாருங்கள். பெயர் வார்த்திருக்கும். கண்டியில் தொடங்கிய வோக்கர் கம்பனி கோப்பி பல்ப்பரும் பிறகு தேயிலை இயந்திரமும் செய்தது. ‘சிரோக்கோ’ என்றிருந்தால் பெல்பாஸ்டில் டேவிட்சன் செய்த தேயிலை உலர்த்தி.

கேள்வி: காணியின் பழைய வரலாற்றை எந்த ஆவணத்தில் தேடலாம்? எங்களிடம் இருப்பது 1961ஆம் ஆண்டுக் காணி உறுதி மட்டும்.
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: அந்த உறுதியே போதுமான தொடக்கம். அதில் முந்தைய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். கடைசியில் அட்டவணையில் பிளான் இலக்கம், நில அளவையாளர் பெயர், பதிவகத்தின் தொகுதி, பக்க இலக்கங்கள் இருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் மாவட்டக் காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பக்கத்தைத் தேடுவதற்கு விண்ணப்பியுங்கள். ஒரு பக்கம் நிரம்பியதும் அடுத்த தொகுதிக்குக் கொண்டுபோன குறிப்பு மேலேயே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.

உறுதியில் கட்டடத்தைப் பற்றி ‘அதிலுள்ள கட்டடங்களும் தோட்டமும்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். ஏமாற வேண்டாம். விடை பிளானில் இருக்கிறது. பழைய பிளான்களில் ஸ்டோர், பங்களா, தொழிலாளர் குடியிருப்பான லயம் ஆகியவற்றைச் சிறு கட்டங்களாக வரைந்திருப்பார்கள். இரண்டு வெவ்வேறு ஆண்டுப் பிளான்களை ஒப்பிட்டால், ஒன்றில் இல்லாத கட்டடம் மற்றதில் வந்திருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் அது எழுந்தது. அரசிடமிருந்து முதலில் வாங்கிய காணியின் பிளான் நில அளவைத் திணைக்களத்தில் இருக்கும்.

பெரிய தோட்டத்திலிருந்து பிரிந்த காணி என்றால் பெர்குசனின் இலங்கை டைரக்டரியைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை, கோப்பி எத்தனை ஏக்கர், சிங்கோனா எத்தனை, தேயிலை எத்தனை என்று தந்திருக்கும். ஐந்தாண்டு இடைவெளியில் நான்கு பிரதிகளைப் புரட்டினால், எந்த ஆண்டில் கோப்பி இறங்கித் தேயிலை ஏறியது என்பது கையில் வந்துவிடும். ஸ்டோரை மாற்றிக் கட்டியதும் அதை ஒட்டித்தான் இருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கேளுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் பெயர். நம் ஆட்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் பெரும்பாலான பதிவுகளில் இருக்காது. ஹோலிரூட் மாதிரி ஸ்கொட்லாந்துப் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். சிறு தோட்டம் பெரியதோடு சேர்ந்து டிவிஷனாகியிருந்தால் அந்தப் பெயரும் மறைந்துவிடும். சுற்றியுள்ள காணிகளின் பெயரையும் எல்லை வர்ணனையிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. அந்த இடத்தில் உரிமைச் சங்கிலி அறுந்தது மாதிரித் தெரிந்தால், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கோப்பைக் கேட்க வேண்டும்.

கேள்வி: பழைய கல் சுவருக்கு ஆறு வருடம் முன் சிமெந்து பூசினோம். இப்போது பூச்சு பாளம் பாளமாகக் கழல்கிறது. உள்ளே முன்பைவிட ஈரம். கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பொடி பூக்கிறது. மறுபடி எதைப் பூசுவது?
– நானுஓயா, வெலிமடை, மாத்தளை வாசகர்கள்

பதில்: இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. எதையும் பூசுமுன் தண்ணீரை நிறுத்துங்கள்.

அந்தச் சுவர் கல்லும் மண்சாந்தும் சேர்ந்தது. வெளியே மட்டும் சுண்ணாம்பு. அது நனையும், பிறகு மூட்டு வழியாகவே காயும். சிமெந்துப் பூச்சு சிறு வெடிப்பால் தண்ணீரை உள்ளே விடும். ஆனால் வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் மண்சாந்தைக் கரைக்கும், உப்பைக் கிளப்பும், கடைசியில் பூச்சையே தள்ளிவிடும். எனவே கழன்ற இடத்தில் மறுபடி சிமெந்து பூசுவது, அதற்குள் ‘வோட்டர்ப்ரூஃப்’ கலப்பது, மேலே எமல்ஷன் அடிப்பது மூன்றும் காசைக் கானில் போடுவது.

முதலில் மலைப்பக்கச் சுவரைப் பாருங்கள். வருடக்கணக்கில் மண் சரிந்து, வெளித்தரை உள்தரையைவிட ஓரடி உயர்ந்திருக்கும். அந்த மண்ணை வெட்டி, வெளித்தரையை உள்தரைக்குக் குறைந்தது 8 அங்குலம் கீழே இறக்குங்கள். சுவரை ஒட்டியே ஆழமாகத் தோண்டக் கூடாது. பழைய சுவருக்கு அத்திவாரம் ஆழமில்லை, சில இடங்களில் முதல் வரிக் கல்லே அத்திவாரம். சுவரிலிருந்து 3 அடி தள்ளிக் கான் வெட்டி, 1:80 வாட்டத்தில் வெளியேற்றுங்கள். பின்னால் செங்குத்தான வெட்டுக்கரை இருந்து, அதில் புது வெடிப்போ சாய்ந்த மரமோ தெரிந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காட்டாமல் மண்ணில் கைவைக்க வேண்டாம்.

அடுத்து சிமெந்தைக் கழற்றுங்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். கெட்டியாக ஒட்டிய இடத்தில் உளி வைத்தால் கல்லின் முகமும் சேர்ந்து வரும். அதை விட்டுவிடுங்கள், தானாகக் கழலும் காலம் வரும். கழற்றிய சுவர் காயட்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது மேசன்மார் கணக்கு. 18 அங்குலச் சுவர் முழுதாகக் காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு நல்ல வெயில் பருவமாவது விடுங்கள்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு கழுவிய கரடுமுரடான ஆற்று மணல். சூளையில் சுட்ட கல் கிடைத்தால், உலோகப் பீப்பாயில் தண்ணீர் விட்டு, அதற்குள் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிளாஸ்டிக் வாளி ஆகாது. நீர்த்ததும் மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். மாத்தளை, திகனைப் பக்கத்துக் கல் டொலமைட் கலந்தது, மெதுவாகத்தான் நீர்க்கும். நான்கு வாரத்தில் எடுத்துப் பூசினால், சுவரில் ஏறிய பிறகு மிச்சம் நீர்த்துப் பூச்சில் சிறு சிறு குழிகள் தெறிக்கும். மூன்று மாதம் வைத்தால் நல்லது. பையில் விற்கும் நீர்த்த சுண்ணாம்புத் தூள்தான் கிடைக்கும் என்றால், ஒரு நாள் முழுவதும் ஊறவைத்துக் களியாக்குங்கள். இரண்டாந்தரம்தான், ஆனால் சிமெந்தைவிட மேல்.

10 சதுர மீற்றர் சுவருக்கு ஒரு சென்ரிமீற்றர் கனத்தில் ஒரு பூச்சு என்றால், ஏறக்குறைய 120 லீற்றர் மணலும் 40 லீற்றர் களியும் பிடிக்கும். பள்ளங்களைச் சாந்தால் நிரப்பாமல் கல் சில்லு வைத்து அடையுங்கள். சுவரை நனைத்து, முதல் பூச்சு ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாமல் அடித்து, கீறிவிட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்தது. கடைசிப் பூச்சு 3 முதல் 5 மில்லிமீற்றர். அதற்கு மேல் பால்போல மெலிந்த சுண்ணாம்பு வெள்ளை ஐந்து கை. ‘கொஞ்சம் சிமெந்து போட்டால் சீக்கிரம் இறுகும்’ என்று மேசன் சொல்வார். போடவிடாதீர்கள். அந்தக் கலவை சுண்ணாம்பின் நன்மையையும் தராது, சிமெந்தின் பலத்தையும் தராது.

காய்வது வேகமானால் பூச்சு மாவாக உதிரும். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலை மாலை தெளிக்க வேண்டும். நானுஓயாவில் தை, மாசி வெயில் பகல் வேலைக்கு நல்லது. ஆனால் இரவில் பனி உறையும், பச்சைப் பூச்சு வெடிக்கும், இரட்டைச் சாக்குப் போடுங்கள். வெலிமடைக்கு ஆனி முதல் ஆவணி வரை மழையில்லாக் காலம், காற்றுத்தான் எதிரி.

வெள்ளைப் பொடி பற்றி: மாடு கட்டிய கட்டடமானால், சிறுநீரிலிருந்து வந்த நைட்ரேட் உப்பு சுவரில் ஊறியிருக்கும். அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். ஒழுக்கே இல்லாமல் மூட்டமான நாளில் சுவர் வேர்ப்பது அதனால்தான். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு இன்னும் உள்ளே போகும். காய்ந்த நாளில் தூரிகையால் உதிர்த்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். பொடி பூக்கும் கீழ் மூன்றடி உயரத்துக்கு மட்டும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சை ‘பலிப்பூச்சாக’ அடித்து, ஓரிரு வருடத்தில் உப்போடு கழற்றி, மறுபடி அடியுங்கள்.

கேள்வி: கூரையின் பழைய தகரத்தில் பாதி நன்றாக இருக்கிறது. முழுவதையும் மாற்றச் சொல்கிறார் கூரை வேலைக்காரர்.
– ஒரு வாசகர், கினிகத்தேனை

பதில்: முழுவதும் வேண்டாம், ஆனால் இங்கொன்று அங்கொன்றாகவும் மாற்ற முடியாது. பழைய தகரத்தின் அலை மூன்று அங்குலத்துக்கு ஒன்று. இப்போதைய சீட்டின் அலை வேறு. ஒன்றோடொன்று உட்காராது, இடுக்கில் காற்றோடு மழை ஏறும். ஒரு பக்கச் சரிவை முழுதாகப் புதுத் தகரத்துக்கு மாற்றி, அதில் கழற்றிய நல்ல தகரங்களை மறுபக்க ஓட்டைகளுக்குப் போடுங்கள்.

அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள புதுச் சீட்டிலிருந்து வடியும் தண்ணீர், கீழேயுள்ள பழைய துத்தநாகத் தகரத்தைச் சீக்கிரம் அரிக்கும். பழையது மேலே, புதியது கீழே இருந்தால் கெடுதல் இல்லை. தாழ்வாரத்துக்குக் கூரை மாற்றும்போது இதை நினைவில் வையுங்கள். ஈயத் தகட்டையும் செம்பையும் புதுச் சீட்டில் படவே விடக் கூடாது.

கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் அடிப்பது தென்மேல் பருவக்காற்று. எனவே கிழக்கு முனையிலிருந்து தகரம் போடத் தொடங்கி மேற்காக வர வேண்டும். அப்போதுதான் பக்க மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். பதுளை, மடுல்சீமையில் மழை வடகீழ்க் காற்றோடு வருவதால் அங்கே இது தலைகீழ். பக்க மடிப்பு ஒன்றரை அலை, மேல் கீழ் மடிப்பு 8 அங்குலம். திருகாணி அலையின் முகட்டில், ரப்பர் வாசரோடு. பள்ளத்தில் அடித்தால் ஒழுகும், ரப்பர் பிதுங்கும்வரை இறுக்கினாலும் ஒழுகும். 0.47 மில்லிமீற்றர் கனம் எடுங்கள். பழைய தகரத்தின் சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலரச் சுரண்டவோ கிரைண்டர் வைக்கவோ வேண்டாம், நனைத்துத் தேய்த்துக் கழிவைச் சேர்த்தெடுங்கள்.

கேள்வி: மேல்தட்டு உத்தரங்கள் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் தளம் சுவர்ப்பக்கமாகத் தாழ்கிறது.
– ஒரு வாசகி, இராகலை

பதில்: உத்தரம் நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் போகும் நுனிதான் உளுக்கும். ஒரு ஊசித் திருப்புளியால் சுவரை ஒட்டிய இடத்தில் அடிப்பக்கமாகக் குத்துங்கள். மேலே பூச்சு கெட்டியாக இருக்கும், அடியில் ஈரக் கட்டை போல இறங்கும். அங்கே ஆளை ஏற்றாதீர்கள். முதலில் கீழிருந்து முட்டுக்கொடுங்கள். முட்டின் கால் பலகையில் நிற்கட்டும், வெறும் மண்ணில் நின்றால் புதையும்.

கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, இருபக்கமும் உருக்குத் தகடு வைத்து போல்ட் இறுக்கி நீட்டலாம். தகட்டின் கனத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் பாரத்தைக் கணக்கிட்டுப் பொறியியலாளர் சொல்ல வேண்டும், தச்சு பாஸின் கண்மதிப்பு போதாது. புதிய நுனியைச் சுவருக்குள் சாந்து வைத்துப் புதைக்காமல், கீழே ஒரு தட்டைக் கல் வைத்து, மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம் காற்று விடுங்கள். பழையவர்கள் விட்டிருந்த அந்த இடைவெளியை, எலி வருகிறதென்று யாரோ சிமெந்தால் அடைத்ததுதான் பாதிக் கட்டடங்களில் உத்தரம் உளுத்ததற்குக் காரணம்.

கேள்வி: தாழ்வாரத்தில் அஸ்பெஸ்டஸ் சீட் இருக்கிறது. கழுவி வர்ணம் பூசலாமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: அழுத்தக் குழாயால் கழுவாதீர்கள், பாசியைத் தேய்க்காதீர்கள். நார் கிளம்புவது அப்போதுதான். உடையாத சீட்டை அப்படியே விடலாம். கழற்றுவதானால் நன்றாக நனைத்து, போல்ட்டை வெட்டி, முழுச் சீட்டாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் பிரயோசனமில்லை, நுண்துகள் வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும். உடைத்துப் பாதைக்குக் கொட்டும் வழக்கத்தை விடுங்கள்.

கேள்வி: வரலாறு தேடப்போய், தொல்பொருள் திணைக்களம் கட்டடத்தை எடுத்துக்கொண்டுவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகி, மாத்தளை

பதில்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால்தான், திருத்த வேலைக்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வயது தெரிந்துகொண்டதால் மட்டும் கட்டடம் கைமாறாது. உங்கள் கட்டடம் வர்த்தமானியில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கான் வெட்டும் வேலையை இந்த வெயிலிலேயே தொடங்குங்கள்.